மாரடி ஊறலும் அருவிக்கரை வைத்தியமும்

குற்றாலத்தில், திரிகூட மலையடிவாரத்தில், ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கியதும், நல்லெண்ணெயைத் தலையிலும் மேனியிலும் அரக்கித் தேய்த்துக்கொண்டு பேரருவியின் கீழே போய் நின்ற ஜனங்களைக் கண்டவர்கள், அதை வெறும் உல்லாசம் என்றே எண்ணிவிடுவது வழக்கமாக இருந்தது. உல்லாசம் இல்லாமல் இல்லை. ஆயினும் தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, கடையம் ஆகிய ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த முதிய ஸ்திரீகளுக்கு அந்த ஸ்நானம் வைத்தியமாகவும் இருந்தது. அதிலும், வீட்டு ஆண்மக்களிடம் வாய்விட்டுச் சொல்ல நாணுகிற ஒரு வியாதிக்கு, கேட்காமலே யோசனையும் மருந்தும் கிடைக்கிற ஸ்தலமாக அருவிக்கரை இருந்தது.

மார்புக்கு அடியில், சருமம் மடிந்து சருமத்தின்மேலேயே படிகிற இடத்தில், வேர்வை தங்கிச் சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்து, இரவில் உறங்கவிடாமல் அரிக்கிற வியாதியையே குறிப்பிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் அரிப்பை ஊறல் என்பார்கள். “மாருக்கடியில ஒரே ஊறலா இருக்குளா” என்று ஒரு கிழவி தன் வயதொத்த இன்னொருத்தியிடம் சொல்லுகிறபோது, அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு ரோகங்கள் அடங்கியிருக்கக்கூடும். வயது ஏற ஏறச் சருமத்தின் பசை குறைந்து அது வறளுவதாலும், தாங்கி நிற்கும் நார்கள் தளர்ந்து மார்பு தாழ்வதாலும், காற்றுப் புகாத மடிப்பில் காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் குடியேறுவது பெரும்பான்மை. வட்டமாக ஓரம் கட்டிப் படருகிற படர்தாமரை மற்றொன்று. மெழுகுத் துளியை ஒட்டவைத்தது போன்று கருத்தும் பழுப்பேறியும் தடித்து நிற்கிற புள்ளிகள், முதுமையின் அடையாளமே தவிர வேறு கெடுதல் செய்யாதவை. துணி உராயும்போது மட்டும் ஊறும். விலாவைச் சுற்றி அரைக் கச்சை கட்டினாற்போலக் கொப்பளிக்கிற அக்கியும் இதே இடத்தில் வருவதுண்டு. இவை எல்லாவற்றிலும் அபூர்வமாக, காம்பைச் சுற்றிப் படையைப்போல உரிந்து கசிந்து, ஆறாமலே நிற்கிற ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு.

தமிழ் வைத்திய சாஸ்திரத்தில் சரும ரோகங்களுக்குப் பஞ்சம் இல்லை. மனித சரீரத்துக்கு வரக்கூடிய வியாதிகளை 4448 என்று கணக்கிட்ட மரபு, குட்டத்தை மட்டும் 18 வகையாகப் பிரித்தது. கரப்பான், சொறி, சிரங்கு, படை, தேமல் என்று வழக்கிலே அடிபடும் பெயர்களோ ஏராளம். பாலூட்டுகிற தாயின் மார்பைப் பற்றியும், பால்கட்டு முதலிய உபாதைகளைப் பற்றியும் வைத்தியர்கள் அக்கறையோடு பேசினார்கள். பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுகிற பக்குவம் இன்றும் வீடுகளில் வழங்குகிறது. பேரன் பேத்தி எடுத்த கிழவியின் மார்பு, சந்ததிக்கு உபயோகப்பட்டு முடிந்துவிட்டபடியால், சாஸ்திரத்தின் கவனத்துக்கும் அப்பால் போய்விட்டதுபோலும். அந்த இடைவெளியைப் பூர்த்தி செய்தது ஏடு அன்று, குளிக்கும் வழக்கம்.

குற்றாலத்தில் எண்ணெய்க்கு இருக்கிற மரியாதை வேறு எந்த ஸ்தலத்திலும் இல்லை என்றே சொல்லலாம். அங்கே விஷ்ணு கோலத்தில் இருந்த மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பதும், அதனால் உண்டான சிரநோய் தீரும்பொருட்டே மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் குற்றாலநாதருக்கு அபிஷேகம் நடக்கிறது என்பதும் ஐதீகம். கடையத்துக்கு அருகே தோரணமலையைச் சித்தர் தேரையரின் வாசஸ்தலமாகக் காட்டி, மண்டையைத் திறந்து தேரையை அகற்றிய கதையைச் சொல்லுவார்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்ற விதியும் அந்தத் தேரையர் பெயரிலேயே வழங்குகிறது. சாமிக்கே தைலம் வேண்டியிருக்கிற ஊரில், சாமானியர்கள் அதைத் தேய்த்துக்கொள்ளக் கூச்சப்படவேண்டிய அவசியம் என்ன? செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய் நாள். புதனும் சனியும் ஆண்களுக்கு. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்துவிட்டால் கிழமை பார்த்ததில்லை.

ஊறலுக்கென்று தேய்த்தது நல்லெண்ணெய் மட்டுமன்று. புங்க எண்ணெய் சொறிக்கும் சிரங்குக்கும் முதல் மருந்து. நாற்றம் சகிக்காது, ஆனால் வேலை செய்யும். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கருநீலமாகிவிடும்; செதிள் உதிர்கிற படைகளுக்கு அதைத் தடவுவார்கள். படர்தாமரைக்குச் சீமையகத்தி இலையை எலுமிச்சஞ்சாற்றில் அரைத்துப் பூசுவதும், சிரங்குக்குக் குப்பைமேனியை மஞ்சளோடும் உப்போடும் அரைத்துப் பூசுவதும், கார்போகரிசியைக் குளிக்கிற பொடியில் சேர்ப்பதும், எவரும் அறிந்த கைப்பக்குவங்கள். எண்ணெயைப் போக்கச் சீகைக்காயும் அரப்பும் உண்டு. செல்வம் உள்ள வீடுகளில் கஸ்தூரி மஞ்சள், மிளகு, வேப்பம் வித்து, கடுக்காய்த் தோல், நெல்லி வற்றல் என்னும் ஐந்தையும் பாலில் அரைத்துக் கொதிக்கவைத்த பஞ்சகற்பம். உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணமும் கந்தக ரசாயனமும் வைத்தியர் கொடுப்பார். கத்தரிக்காய், கருவாடு, மொச்சை, சோளம் முதலான கரப்பான் பண்டங்களை விலக்குகிற பத்தியம் வேறு. பத்தியத்தின் பலன் எவ்வளவோ, கருவாட்டை விட்டுவிட்டு இருக்கிற சிரமம் மட்டும் நிச்சயம்.

இந்த மருந்துப் பட்டியலைக் காட்டிலும் முக்கியமான ஒன்று உண்டு. பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளிக்கிற இடம் தனித்தனி. சிற்றாற்றின் படித்துறைகளிலும் பெண்கள் துறை என்று ஒன்று ஒதுங்கியிருந்தது. வீட்டுக்குள் நான்கு சுவருக்கு நடுவே மருமகளுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த மாரடிப் புண், ஈரச் சேலையை மாற்றுகிற அந்தத் துறையிலேதான் இன்னொரு பெண்ணின் கண்ணில் பட்டது. “என்ன ஆச்சி இது, இம்புட்டுச் சிவந்து கெடக்கு?” என்று கேட்க ஒருத்தி இருந்தாள், அவளுடைய மாமியாருக்கு இதே உபாதை வந்து ஆறிய கதையைச் சொல்ல இன்னொருத்தி இருந்தாள். நம் நாட்டில் இந்த வியாதிக்கு மருந்து குறைந்த காலம் இல்லை. பார்க்கக்கூடிய கண்கள்தாம் குறைந்திருந்தன. ஆகையால் இதன் சரித்திரம், யார் பார்க்கலாம், யாரிடம் காட்டலாம் என்பதன் சரித்திரமாகவே எனக்குத் தோன்றுகிறது.

மலைமேலுள்ள மூலிகைகளைத் தழுவி வருவதால் அருவி நீரே மருந்தாகிறது என்பது பிரசித்தமான நம்பிக்கை. அவ்வளவு வேகத்தோடு பாய்கிற நீரில் எந்த இலையின் சாரம் எவ்வளவு கரையும் என்பதை நிறுத்துப் பார்த்தால் நம்பிக்கை சற்று இளைக்கும். குளிர்ந்த நீரும் அதன் தாக்குதலும் அரிப்பு உணர்ச்சியைத் தணிக்கும் என்பது உண்மை. அன்று இரவு கிழவி நன்றாக உறங்கினாள் என்றால் அது கற்பனை அன்று. ஆனால் குளித்த ஈரம் மடிப்பிலேயே தங்கிவிட்டால் மறுநாள் ஊறல் இரட்டிப்பாகும். அனுபவசாலிகளான முதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். முழுகி எழுந்ததும் மடிப்பைத் துடைத்து உலர்த்திக்கொண்டு, பழைய வேட்டித் துணியை நீளமாகக் கிழித்து அவ்விடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்றைய சரும வைத்தியரும் மருந்துச் சீட்டு எழுதுமுன் இதைத்தான் சொல்லுகிறார்.

உடையின் வரலாறும் இதில் கலந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், தென்பாண்டி நாட்டுக் கிழவிகளில் மிகப் பலர் ரவிக்கை அறியாதவர்கள்; சேலைத் தலைப்பே மார்புக்கு மறைப்பு. இதை நாகரிகக் குறைவென்று நினைத்தவர்கள், வெக்கை மிகுந்த தேசத்தில் தளர்ந்த மேனிக்குக் காற்று எவ்வளவு அவசியம் என்பதை நினைக்கவில்லை. மறைப்பு வேண்டும் என்று போராடியவர்களின் நியாயமோ வேறு. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியக் கூடாதென்று மேல்சாதியார் விதித்திருந்த தடை, பல்லாண்டுக் கலகங்களுக்குப் பிறகு, 1859இல் மகாராஜாவின் பிரகடனத்தால் தளர்ந்தது. அப்பொழுதும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. அக்காலத்தில் செங்கோட்டை அதே சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். தென்காசியோ அதற்குச் சில மைல் கிழக்கே, ஆங்கில அரசாங்கத்தின் திருநெல்வேலி ஜில்லாவில். உடுத்துவதற்கு உரிமை இல்லாதவளுக்கு, தன் உடம்பை யாருக்குக் காட்டலாம், யாருக்கு மறைக்கலாம் என்று தீர்மானிக்கிற உரிமையும் இல்லை. மறைப்பைத் தான் விரும்பி ஏற்றுக்கொண்டவளின் நாணத்தையும் இதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

விதவைகளின் நிலைமை இன்னொரு விதம். மஞ்சள் பூசிக் குளிப்பது சுமங்கலிகளின் பாக்கியம் என்று வகுத்த சமூகத்தில், முதிய பெண்களில் பெரும் பங்கினர் கைம்பெண்களாக இருந்தார்கள். சருமத்தின் அழற்சியைத் தணிக்கிற, காலணாவுக்குச் சந்தையில் கிடைக்கிற அந்தக் கிழங்கு, ஊறலால் அதிகம் வருந்தியவர்களுக்கு மங்கல சாஸ்திரத்தின் பேரால் மறுக்கப்பட்டது. பயற்றம் மாவும் புங்க எண்ணெயும் அவர்கள் பங்குக்கு மிஞ்சின. சம்பிரதாயத்தை மெச்சி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

அக்கிக்கு வைத்தியர் வேளார். மண்பாண்டம் வனைகிறவர், காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கொப்புளம் கண்ட இடத்தைச் சுற்றிலும் சிங்கம் முதலான உருவங்களை வரைவார்; இதற்கு அக்கி எழுதுதல் என்று பெயர். ஆண்களுக்கு விலாவிலும் முதுகிலும் வந்தால் சக்கரத்தின் அருகிலேயே உட்காரவைத்து எழுதிவிடுவார். கிழவிக்கு மாரடியில் வந்தால், வேளார் வீட்டுப் பெண்பிள்ளை தூரிகையை எடுக்கவேண்டியதாகும். காவி குளிர்ச்சி தருவது, ஈரத்தை உறிஞ்சுவது, கொப்புளத்தைக் கீறாமலும் சொறியாமலும் காப்பது. அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறுகிற வியாதியாதலால், சிங்கத்துக்குக் கிடைத்த புகழில் ஒரு பகுதி காலத்துக்கும் சேரவேண்டும். 1950களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் வெல்லர், சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான கிருமி ஒன்றே என்று நிரூபித்தார். சிறுவயதில் வந்துபோன அம்மையின் வித்து நரம்பில் பதுங்கியிருந்து, முதுமையில் மீண்டும் தலைகாட்டுகிறது. நம்மவர்கள் அம்மைக்கு மாரியம்மனையும் வேப்பிலையையும் நாடி, அக்கிக்குக் குயவரை நாடினார்கள். இரண்டும் ஒன்றின் விளைவு என்பது அம்மனுக்கும் தெரியாது, வேளாருக்கும் தெரியாது.

எல்லா நாட்டு வைத்தியமும் இப்படிச் சாதுவானதாக இருக்கவில்லை. ஆறாத படைகளுக்குத் துருசையும் ரசம் சேர்ந்த களிம்புகளையும் போட்டுச் சருமத்தைப் பொசுக்கியவர்களும் இருந்தார்கள். மார்புச் சருமம் மெல்லியது. அதில் காரமான மருந்தை வைத்தவர்கள், ஊறலைப் புண்ணாக்கிக் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் குற்றாலத்துக்கு வந்தது ஆரோக்கியத்தைத் தேடி. சாரல் காலத்தில் ஜில்லா அதிகாரிகள் அங்கே பங்களாக்களில் தங்கினார்கள். கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். தாவர சாஸ்திரியான ராபர்ட் வைட் 1830களில் அம்மலைச் செடிகளை வாரிச் சேகரித்தார். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி, தமிழ் வைத்தியர்கள் உபயோகித்த சரக்குகளை அவற்றின் தமிழ்ப் பெயரோடு தொகுத்து 1813இலும், விரிவாக 1826இலும் வெளியிட்டார். செடிகளைப் பார்த்தார்கள், சரக்குகளைப் பார்த்தார்கள், கிழவியின் ஊறலை அவர்கள் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆண் துரை ஒருவர் முன்னால் எந்தப் பெண் மார்பைத் திறப்பாள்?

அதே நூற்றாண்டில், 1874இல், லண்டனில் ஸர் ஜேம்ஸ் பேஜட் என்னும் ரண வைத்தியர் சுருக்கமான கட்டுரை ஒன்றை எழுதினார். காம்பையும் அதைச் சுற்றிய வட்டத்தையும் படையைப்போலப் பற்றி, சிவந்து கசிந்து, அரிப்பும் எரிச்சலுமாக நிற்கிற ஒரு நோயைச் சுமார் 15 பெண்களிடம் கண்டதாகவும், அவர்கள் நாற்பது வயது முதல் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்றும், களிம்புகளுக்கு அது கட்டுப்படவில்லை என்றும், அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குள் அதே மார்பினுள்ளே புற்று தோன்றிற்று என்றும் அதில் கண்டிருந்தது. அந்த ரோகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மடிப்பில் வருகிற ஊறலுக்கும் காம்பில் வருகிற இந்தப் படைக்கும் உள்ள பேதத்தை அறிவதற்கு நுண்ணிய கருவி எதுவும் முதலில் வேண்டியதில்லை: மடிப்பில் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், மருந்துக்கு அடங்கும், காம்பில் வருகிற அது ஒரு பக்கம் மட்டும் வந்து, வாரக்கணக்கில் மருந்திட்டும் அடங்காமல் நிற்கும். ஆனால் பார்த்தால் அல்லவா பேதம் தெரியும்? தொண்ணூற்றொன்பது பேருக்குத் தீங்கில்லாமல் உதவிய படித்துறை வைத்தியம், நூறாவது ஆளுக்கும் அதே புங்க எண்ணெயைக் கொடுத்தது. அவள் அதைப் பொறுமையோடு வருஷக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தாள்.

பார்க்கத்தக்க கண்கள் சிறிது சிறிதாகவே வந்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1850களிலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கினார்; எனினும் அவரிடம் தமிழில் வைத்தியம் பயின்றவர்கள் ஆண்கள். 1875இல் மேரி ஷார்லீபும் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள்; ஷார்லீப் அம்மையார் 1885இல் சாதிக் கட்டுப்பாடும் கோஷா என்னும் திரைமறைவும் உள்ள ஸ்திரீகளுக்கென்றே சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார். 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்தார். 1903, 1904ஆம் ஆண்டுகளில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டதாகையால், தென்காசிக் கிழவி பட்டணத்து லேடி டாக்டரிடம் போவது கொள்கையளவில் சாத்தியமாயிற்று. நடைமுறையில், அந்த ரயில் பட்டணத்தாரைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்த அளவு, கிழவியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகவில்லை. பாளையங்கோட்டையில் 1964இல் சித்த மருத்துவக் கல்லூரியும், மறு ஆண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்ட பிறகே, பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவருகிற தூரத்துக்கு வைத்தியம் வந்தது.

மருந்துகளும் மாறின. பென்ஸாயிக் அமிலமும் ஸாலிஸிலிக் அமிலமும் கலந்த ஒயிட்ஃபீல்டு களிம்பும், துணியெல்லாம் கறையாக்குகிற ஊதா மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தன. 1950இல் எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்னும் இரண்டு அமெரிக்க மாதர்கள், மண்ணில் வாழும் ஓர் உயிரிலிருந்து நிஸ்டாடின் என்ற காளான்கொல்லியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். மாரடி மடிப்பில் குடியிருக்கிற காண்டிடா என்னும் காளானுக்கு நேரான முதல் மருந்து அதுவே. அதே சமயத்தில் ரவிக்கை எல்லோருக்கும் உரியதாயிற்று. பிறகு நைலானும் பாலியெஸ்டரும் வந்து, காற்றை அடைத்து, மருந்து செய்த உபகாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டன. இப்பொழுது பிறந்திருக்கிற கேடு வேறு: ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கித் தடவினால், ஊறல் அன்றே அடங்குகிறது, படர்தாமரையோ உள்ளே செழித்து, உருமாறி, பின்னால் எந்த மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை, மெல்லிய சருமம் மேலும் மெலிந்து கோடு விழுகிறது. துருசுக் களிம்புக்காரரின் வாரிசு, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நிற்கிறார்.

தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2021இல் அரசாங்கம் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாக வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். மாரடி ஊறலுக்கும் சர்க்கரை வியாதிக்கும் நெருங்கிய உறவு உண்டு; மடிப்பில் திரும்பத் திரும்ப வருகிற காளான், பல பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதை முதன்முதலில் அறிவிக்கிறது. ஆகவே விரலில் ஊசி குத்த வந்த பெண்ணிடம் கிழவி ஊறலைப் பற்றியும் சொல்லிவிட்டால், ஒரு துளி ரத்தத்தில் பாதி விடை கிடைத்துவிடும். மற்றப் பாதிக்கு, அந்தப் பெண் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “எங்க ஆச்சி, காட்டுங்க பாப்போம்” என்று கேட்கவேண்டியிருக்கிறது.